சென்னைத் தண்ணியும் ஜோபோ மெஷினும்

வீட்ல பிலிம் கழுவறவங்க நடுவுல ரோட்டரி ப்ராசஸர், அதாவது பிலிம் டேங்கை உருட்டி உருட்டிக் கழுவற மெஷின் பேச்சு வந்தா எல்லாரும் கேக்கறது அனேகமா இதுதான், மோட்டார் தாங்குமா, ஸ்பேர் கிடைக்குமா, லிஃப்ட் ஒழுகுமா. கேக்க வேண்டிய கேள்விங்கதான், கீழ அதுக்கெல்லாம் வரேன். ஆனா சென்னையில ஒரு பழைய ஜோபோ சிபிபி-2வை வச்சு கலரும் கறுப்பு வெள்ளையும் கழுவற எனக்கு இந்த மெஷினோட முக்கால்வாசி விஷயம் தண்ணிதான்னு ஆயிடுச்சு. எந்தத் தண்ணியை ஊத்தறோம், எந்த மட்டத்துக்கு, என்ன சூட்டுல, வேலை முடிஞ்சப்புறம் அதை என்ன பண்றோம், இதுல கவனமா இருந்தா மோட்டாரும் பம்பும் லிஃப்டும் அது பாட்டுக்கு ஓடுது, நெகட்டிவும் ரோலுக்கு ரோல் ஒரே மாதிரி வருது. அதனால இதைத் தண்ணிப் பக்கத்துலேர்ந்தே எழுதறேன்.

மெஷினைப் பார்க்காதவங்களுக்காக ஒரு நாலு வரி. ஜோபோங்கறது ஜெர்மனியில கும்மர்ஸ்பாக்ங்கற ஊர்க் கம்பெனி, 1923ல யோஹானஸ் போக்கெம்யூல்ங்கறவர் ஆரம்பிச்சது, அவர் பேரோட முன்பாதியும் பின்பாதியும் சேர்ந்துதான் ஜோபோ. சிபிபி-2ங்கறது நீளமான ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதுல தண்ணி, தண்ணியைச் சூடாக்க ஹீட்டர், சூடு எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி போறதுக்கு ஒரு பம்ப், பக்கத்துல மோட்டார், சூட்டைக் காட்டற நம்பர் டிஸ்ப்ளே. கெமிக்கல் பாட்டில்களும் அளவுக் குவளைகளும் அந்தத் தண்ணியிலயே நிக்கும். பிலிம் இருக்கற டேங்க் படுத்த வாக்குல ரோலர் மேல கிடக்கும், பாதி உடம்பு தண்ணியில முங்கி, கொஞ்சம் சுத்து இந்தப் பக்கம் கொஞ்சம் சுத்து அந்தப் பக்கம்னு உருண்டுகிட்டே இருக்கும். லிஃப்ட்ங்கறது தனியா மாட்டிக்கற ஒரு கை. டேங்கோட பல்லு வச்ச மூடி அதுல போய் கோத்துக்கும், மேல இருக்கற வாய்ல கெமிக்கலை ஊத்தினா உள்ள போகும், லீவரைத் தூக்கினா டேங்க் சாஞ்சு உள்ள இருக்கறது ஒரு குழாய் வழியா வெளிய வந்துடும். லிஃப்ட் இல்லாதவங்க காந்த மூடி போட்டு, ஒவ்வொரு தடவையும் டேங்கைக் கையால எடுத்து ஊத்தி வடிச்சுக்கணும்.

இவ்ளோ ஏற்பாடும் எதுக்குன்னா சி-41ங்கற கலர் நெகட்டிவ் கழுவற முறையில, படத்தை வெளிய கொண்டு வர்ற கெமிக்கலான டெவலப்பர் 37.8 டிகிரில 3 நிமிஷம் 15 செகண்ட், அதுல கூடக் குறைய 0.15 டிகிரிதான் அனுமதி. ப்ளீச்சும் ஃபிக்ஸரும் ஆறரை நிமிஷம் ஆறரை நிமிஷம், அதுல ஒண்ணு ரெண்டு டிகிரி அப்படி இப்படி போனா குடி முழுகிடாது, ஏன்னா அது ரெண்டும் வேலை முழுசா முடியற வரைக்கும் ஓடற கட்டம், நேரம் அதிகமானாலும் படத்துக்கு ஒண்ணும் ஆகாது. டெவலப்பர் அப்படி இல்ல. பாதி டிகிரி தப்பினா மூணு நிற லேயரும் ஒரே அளவுல தப்பாது, ஒண்ணு கொஞ்சம் ஏறும் ஒண்ணு கொஞ்சம் இறங்கும், அப்புறம் ஸ்கேன்ல நிழல் ஒரு கலர்லயும் வெளிச்சம் வேற கலர்லயும் நிக்கும், ஸ்லைடரை எவ்ளோ இழுத்தாலும் சேராது. அந்த 3 நிமிஷம் 15 செகண்டை நம்பி விடறதுக்குத்தான் இந்த மெஷின்.

மாசத்துக்கு ஒரு ரோல் ரெண்டு ரோல் கழுவறவங்களுக்கு இது தேவையே இல்லைன்னு நேராவே சொல்லிடறேன். ஒரு பக்கெட் தண்ணி, சமையலுக்கு விக்கற ஸூ வீட் ஹீட்டர் ஒண்ணு, கையால கவுத்துக் கழுவற ஒரு பேட்டர்சன் டேங்க், இது போதும், நல்ல நெகட்டிவ் வரும். ரோல் சேர்ந்து போச்சு, மீடியம் ஃபார்மட் (120 பிலிம்) நிறைய சுடறேன், இல்ல 4 இன்ச்சுக்கு 5 இன்ச் ஷீட் பிலிம் எடுக்கறேன்னா அப்பதான் ரோட்டரி அர்த்தமாகுது. ஜோபோவோட எக்ஸ்பர்ட் டிரம் 3010ல பத்து ஷீட்டை ஒரே நேரத்துல கழுவலாம், ஒவ்வொரு ஷீட்டும் தனித்தனிக் குழாய்ல இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு உரசாது. ட்ரேயில ஷீட்டை மாத்தி மாத்தி அடியிலேர்ந்து மேல எடுத்து விட்டுக் கழுவினவங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு தெரியும்.

இன்னொரு லாபம் கெமிக்கல் அளவு. ஜோபோவோட 1520 டேங்க்ல ரெண்டு 35எம்எம் ரோல், கையால கவுத்து கவுத்து கழுவினா 485 மிலி வேணும், படுக்க வச்சு உருட்டினா 240 மிலி. ஒரு ரோல் போற 1510க்கு 250 மிலிக்குப் பதிலா 140. சி-41 கிட் நம்ம ஊர்ல கிடைக்கற விலைக்கு இது பெரிய விஷயம். ஆனா இதுல ஒண்ணு கவனிக்கணும், டேங்க்ல எழுதியிருக்கற அளவு பிலிமை முழுசா நனைக்கத் தேவையான அளவுதான், பிலிமை முழுசா டெவலப் பண்ணத் தேவையான மருந்து அதுல இருக்கான்னு டேங்குக்குத் தெரியாது. கோடக்கோட கறுப்பு வெள்ளை டெவலப்பர் எக்ஸ்டாலை எடுத்துக்கோங்க, ஒரு 36 படம் ரோலுக்குக் குறைஞ்சது 100 மிலி கலக்காத ஸ்டாக் வேணும்னு கோடக் சொல்லுது. ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து 240 மிலி ஊத்தினா அதுல ஸ்டாக் 120, ரெண்டு ரோலுக்கும் பிரிச்சா ஆளுக்கு 60 தான். நிழல் ஒழுங்கா வந்திருக்கும், வானமும் வெள்ளைச் சட்டையும் சப்பையா இருக்கும், நேரத்தை ஏத்தினாலும் சரியாகாது, மருந்து தீர்ந்து போச்சு அவ்ளோதான். நான் எக்ஸ்டாலை ஸ்டாக்காவே ஊத்திடறேன், இல்லைன்னா ரெண்டு ரோலுக்குப் பெரிய டேங்க்.

சரி, தண்ணிக்கு வரேன். சென்னையில கலர் கழுவறது உண்மையிலயே சுகமான வேலை. குளிர் நாட்ல இருக்கறவங்க எழுதறதைப் படிச்சா அவங்க போராட்டமே டேங்கோட மேல் பாதி அறைக் காத்துல ஆறிப் போறதோட தான். தொட்டித் தண்ணி 38ல இருக்கும், அறை 18ல இருக்கும், டேங்க் பாதி இதுல பாதி அதுல. நமக்கு அறையே 32ல நிக்குது, இழப்பு ரொம்பக் கம்மி. கழுவற தண்ணியும் அப்படித்தான், சி-41 வாஷ் தண்ணி 24லேர்ந்து 41 டிகிரிக்குள்ள எங்க இருந்தாலும் சரின்னு கோடக் சொல்லுது, மொட்டை மாடி டேங்க்லேர்ந்து வர்ற தண்ணி வருஷம் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. ஏப்ரல் மத்தியானம் குழாயைத் திறந்து அப்படியே வாஷ் பண்ணலாம், வெந்நீர் காய்ச்ச வேண்டியதில்ல.

இருந்தாலும் டிஸ்ப்ளேல 37.8ன்னு வந்த உடனே ஆரம்பிச்சுடக் கூடாது. அது தொட்டித் தண்ணியோட சூடு. ஒரு லிட்டர் பாட்டில்ல இருக்கற டெவலப்பர் அந்தச் சூட்டுக்கு வர அரை மணிக்கு மேல ஆகும், பாட்டில் பிளாஸ்டிக் கனம் அப்படி. டேங்குக்குள்ள என்ன சூடுன்னு தெரிஞ்சுக்க நான் பண்றது இதுதான்: அதே தொட்டியில நிக்கற ஒரு குவளைத் தண்ணியை டேங்க்ல ஊத்தி அஞ்சு நிமிஷம் உருள விடறேன், அப்புறம் லிஃப்டைத் தூக்கி, வெளிய வர்ற தண்ணியை ஒரு கப்ல பிடிச்சு உடனே தெர்மாமீட்டரை விடறேன். அந்த நம்பர்தான் பிலிம் பார்க்கற நிஜமான சூடு. என் மெஷின்ல தொட்டியை அரை டிகிரி கிட்ட மேல வச்சாதான் உள்ள சரியா நிக்குது, ஏசி ஓடற ரூம்னா இன்னும் கொஞ்சம் மேல. உங்க மெஷின்ல, உங்க ரூம்ல அது வேற மாதிரி இருக்கும். ஒரு நல்ல தெர்மாமீட்டருக்குக் காசு செலவு பண்ணுங்க, எத்தனை தெர்மாமீட்டர் இருந்தாலும் அதுல ஒண்ணை மட்டும் நம்பி மத்ததையெல்லாம் அதோட ஒப்பிட்டு வச்சுக்கோங்க.

கறுப்பு வெள்ளையில கதையே தலைகீழ். எல்லா டெவலப்பர் சார்ட்டும் 20 டிகிரிக்குப் போட்டிருக்கும், சிபிபி-2ல குளிர வைக்கற வசதியும் இருக்கு, ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னா குழாயோட ஒரு வால்வை இணைச்சிருக்கும், தொட்டி சூடு ஏறினா வால்வு திறந்து குழாய்த் தண்ணியை உள்ள விடும். ஜெர்மனியில குழாயைத் திறந்தா ஜில்லுன்னு வரும், வேளச்சேரியில குழாயைத் திறந்தா டீ போடற பதத்துக்கு வரும். அந்த வால்வை இங்க இணைக்கவே வேண்டாம், அதுக்கு விடற தண்ணி தண்டம்.

அதனால நான் 24 டிகிரியைப் பிடிச்சு வச்சிருக்கேன். பிலிம் கம்பெனி இல்ஃபோர்டோட சூடு சார்ட்படி 20ல 10 நிமிஷம்னா 24ல கிட்டத்தட்ட 7 நிமிஷம். அதுக்கும் மேல போனா நேரம் 5 நிமிஷத்துக்குக் கீழ இறங்க ஆரம்பிக்கும், அப்ப ஊத்தறதுல வடிக்கறதுல ஆகற சின்ன தாமதம் கூட படத்துல தெரியும். 24க்கு இறக்க ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு, கல்லு மாதிரி ஆனதும் தொட்டியில முங்க விடறேன், பம்ப் ஓடறதால சீக்கிரமே பரவிடும். ஐஸ் கட்டியை நேரா போடாதீங்க, உருகி உருகி மட்டம் ஏறிடும், மட்டம் ஏறினா டேங்க் மிதக்கும், அதைப் பத்தி அப்புறம் சொல்றேன். கறுப்பு வெள்ளை வேலையை முடிஞ்ச வரைக்கும் மார்கழிக்குத் தள்ளி வைக்கறேன், விடிகாலையில மாடி டேங்க் தண்ணியே 24 பக்கத்துல இருக்கும், வேலை பாதியா குறையுது. ஸ்டாப், ஃபிக்ஸர், வாஷ் எல்லாமே அதே சூட்டுல இருக்கணும்ங்கறதுதான் டெவலப்பர் என்ன டிகிரிங்கறதை விட முக்கியம். 24ல டெவலப் பண்ணி 34 டிகிரி குழாய்த் தண்ணியில வாஷ் பண்ணா பிலிம் மேல பூசியிருக்கற ஜெலட்டின் உப்பிப் போய் ரெட்டிகுலேஷன் வர வாய்ப்பிருக்கு, படம் பூரா நுணுக்கமா சுருக்கம் விழுந்த மாதிரி. இன்னைக்கு வர்ற பிலிமெல்லாம் நல்லாவே கெட்டிப்படுத்தினது, தாங்கும், ஆனா சோதிச்சுப் பார்க்க வேண்டாமே. வெயில் ஊர்களுக்குன்னே கோடக்ல டிகே-15ன்னு ஒரு டெவலப்பர் ஃபார்முலா உண்டு, அதுல ஜெலட்டின் ரொம்ப உப்பாம இருக்க சோடியம் சல்ஃபேட் சேர்ப்பாங்க. 1960ல இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை ஊட்டியில வச்சு 'இந்து'ங்கற பேர்ல பிலிம் பண்ணினாங்க இல்ல, அந்த ஊர்க் குளிரை நினைச்சு இந்த வேலை பண்ற ஒவ்வொரு மே மாசமும் பொறாமைப்படறேன்.

ப்ரீசோக் விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. டெவலப்பருக்கு முன்னாடி பிலிமைத் தண்ணியில ஊற வைக்காதீங்க, சீரா வராதுன்னு இல்ஃபோர்ட் சொல்லுது, தொடர்ந்து உருட்டறதுனால நேரத்தை 15 சதவீதம் வரைக்கும் குறைச்சுக்கோங்கன்னும் சொல்லுது. ஜோபோ அஞ்சு நிமிஷம் ஊற வைங்க, அப்படிப் பண்ணா கையால கழுவற நேரத்தையே வச்சுக்கலாம்னு சொல்லுது. நான் ஜோபோ கட்சி. எனக்கு அந்த அஞ்சு நிமிஷத் தண்ணி சூட்டை அளக்கவும் உதவுது, டேங்க்கும் பிலிமைச் சுத்தி வைக்கற ரீலும் பிலிமும் ஒரே சூட்டுக்கு வரவும் உதவுது. அது இல்லாம நேரா டெவலப்பரை ஊத்தினா அது முதல் அரை நிமிஷத்துல டேங்கோட சூட்டுக்கு இழுபடும், கறுப்பு வெள்ளையில சென்னைக்கு அது பெரும்பாலும் மேல் பக்கம்தான்.

எல்லா டெவலப்பரும் உருட்டலுக்கு ஒத்து வராது. டேங்க்ல பாதிக்கு மேல காத்து, அதுல கொஞ்சூண்டு டெவலப்பர் சுத்திச் சுத்தி மெல்லிசா பரவுது, ஆக்சிஜன் நல்லா கலக்கும். எக்ஸ்டால், டி-76 மாதிரி ஆளுங்க அசர மாட்டாங்க. பிஎம்கே பைரோ மாதிரியான டெவலப்பர் பாதியிலயே ஆக்சிடைஸ் ஆகி களைச்சுப் போயிடும். ரோடினால் டெவலப்பரை ரொம்ப நீர்த்து அசைக்காம ஒரு மணி நேரம் விடற ஸ்டாண்ட் டெவலப்மென்ட் பிடிச்சவங்களுக்கு இந்த மெஷின் உதவவே உதவாது, அதுக்கு டேங்கை மேஜை மேல நிக்க வச்சுட்டுப் போங்க.

சினிமா பிலிம் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இப்ப நிறைய பேர் கோடக்கோட சினிமா பிலிம் விஷன்3யை கேசட்ல சுத்தி வாங்கிச் சுடறாங்க. அதுக்கு உரிய ஈசிஎன்-2 டெவலப்பர் 41.1 டிகிரி, 3 நிமிஷம், மெஷினுக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல. கஷ்டம் பின்னாடி இருக்கற ரெம்ஜெட், கரி மாதிரி கறுப்புப் பூச்சு. 2025லேர்ந்து கோடக் ரெம்ஜெட் இல்லாத விஷன்3 விட ஆரம்பிச்சிருக்கு, ஆனா பழைய ஸ்டாக் இன்னும் கைமாறிக்கிட்டுதான் இருக்கு. அந்த பிலிமை நேரா மெஷின்ல மாட்டினீங்கன்னா கரித்துகள் ரீல் பள்ளத்துல, டேங்க் சுவர்ல, லிஃப்ட் குழாய்ல எல்லாம் போய் ஒட்டிக்கும், அடுத்த ரோல்ல புள்ளி புள்ளியா வரும். முதல்ல டேங்கைக் கையில வச்சு சலவை சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணியை ஊத்தி, வேகமா குலுக்கி, மையைக் கொட்டின மாதிரி வர்றதை டேங்க் வாய் வழியாவே கொட்டுங்க, லிஃப்ட் வழியா விடவே விடாதீங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிட்டு அப்புறம் மெஷின்ல மாட்டுங்க. மிச்சம் ஒட்டியிருக்கறதைக் கடைசி வாஷ்ல ஈர ஸ்பான்ஜால பின்பக்கம் மட்டும் தொடைச்சா போயிடும்.

இப்ப பராமரிப்பு. போர் தண்ணி ஊத்தாதீங்க, இதை முதல்ல சொல்லிடறேன். நம்ம ஏரியா போர் தண்ணியில பக்கெட்ல வெள்ளை வெள்ளையா படியறதைப் பார்த்திருப்பீங்க, அதே படிமம் ஹீட்டர் மேலயும் படியும். சுண்ணாம்பு படிஞ்ச ஹீட்டர் தண்ணிக்குச் சூட்டைக் கொடுக்க முடியாம தானே சூடேறும், சூடேற எடுத்துக்கற நேரமும் இழுத்துக்கிட்டே போகும். நான் கேன் தண்ணி ஊத்தறேன். டெவலப்பர் கலக்கவும் கேன் தண்ணிதான், காய வைக்கறதுக்கு முன்னாடி கடைசியா பிலிமை முக்கற கலரோட ஸ்டெபிலைசருக்கும் கறுப்பு வெள்ளையோட வெட்டிங் ஏஜென்ட்டுக்கும் மட்டும் பெட்ரோல் பங்க்ல, பேட்டரி கடையில விக்கற டிஸ்டில்ட் வாட்டர். அந்தக் கடைசிக் குளியல் தண்ணி சுத்தமா இல்லைன்னா காயும்போது விழற வட்டத்தை யாராலயும் எடுக்க முடியாது.

ஏற்கனவே படிமம் இருக்குன்னா சிட்ரிக் ஆசிட் போதும், எலுமிச்சை உப்புன்னு கேட்டாலும் கடையில கொடுப்பாங்க. தொட்டியில வழக்கமான மட்டத்துக்குத் தண்ணி ஊத்தி, லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் கணக்குல கரைச்சு, 40 டிகிரில பம்ப் ஓட ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் வடிச்சுட்டு நல்ல தண்ணியில ரெண்டு தடவை ஓட்டி அலசுங்க. இரும்பு நார், கத்தி வச்செல்லாம் சுரண்ட வேண்டாம், கீறல் விழுந்த இடத்துல அடுத்த தடவை படிமம் இன்னும் சீக்கிரமா பிடிக்கும். தண்ணி இல்லாம மெஷினை ஆன் பண்ணவே பண்ணாதீங்க, ஒரு நிமிஷம் பார்க்கறதுக்குக் கூட.

வேலை முடிஞ்சதும் தொட்டியைக் காலி பண்ணிடுங்க. குளிர் நாட்ல சில பேர் தண்ணியை வாரக்கணக்கா விட்டு வைப்பாங்க, பாசி பிடிக்காம இருக்க ஏதோ மருந்து கலந்து. இங்க மூடியில்லாத தொட்டியில வெதுவெதுப்பான சுத்தமான தண்ணி நின்னா ஒரு வாரம் பத்து நாள்ல கொசு முழுசா வளர்ந்து பறக்கும், அதுவும் டெங்கு கொசுவுக்கு இப்படி வீட்டுக்குள்ள இருக்கற சுத்தமான தண்ணிதான் பிடிக்கும். பாசி வேற, அது பம்போட சின்ன விசிறியில சுத்திக்கும், பம்ப் உறுமிக்கிட்டு நின்னுடும். வடிகுழாயைத் திறந்து விட்டா எல்லாம் போயிடுச்சுன்னு நினைக்க வேண்டாம், பம்ப் பக்கத்துல எப்பவும் ஒரு கப் தண்ணி தங்கும். தொட்டியை ஒரு பக்கமா சாய்ச்சு அதையும் எடுத்து, ஒரு பழைய காட்டன் துணியால உள்பக்கம் தொடைச்சு விட்டா போதும், அஞ்சு நிமிஷ வேலை.

லிஃப்ட் ஒழுகுமான்னா, ஒழுகற லிஃப்ட் எல்லாத்துலயும் முக்கால்வாசி காரணம் உள்ள காஞ்சு போன கெமிக்கல். ஃபிக்ஸர் காஞ்சா உப்பா உறையும், அது ரப்பர் வளையத்துக்கு அடியில உக்காந்து வளையத்தைத் தூக்கிடும், அந்த சந்து வழியா சொட்டும். கடைசியா ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியை மேல் வாய் வழியா ஊத்தி, தூக்கி இறக்கி, ரெண்டு மூணு தடவை அலசிடுங்க. டெவலப்பருக்கு முன்னாடியும் அலசிடுங்க, ப்ளீச்சோ ஃபிக்ஸரோ ஒரு துளி லிஃப்ட்ல மிச்சம் இருந்து அது டெவலப்பரோட உள்ள போனா அந்த ரோல் காலி. ரப்பர் வளையம் காஞ்சு வெடிப்பு விட்டிருந்தா மாத்துங்க, விட்டமும் கனமும் அளந்து எடுத்துக்கிட்டுப் போனா ஹைட்ராலிக் சாமான் விக்கற கடையில அதே அளவு ஓ-ரிங் கிடைக்கும்.

மோட்டாருக்கு நாம பண்ண வேண்டியது அதைத் தொந்தரவு பண்ணாம இருக்கறதுதான். எடைக்கு வரம்பு உண்டு, பழைய மோட்டாருக்கு இன்னும் கம்மி. பெரிய டிரம்மைப் போட்டு அளவுக்கு மேல ஊத்தினா திசை மாறும்போது ஒவ்வொரு தடவையும் பல்சக்கரம் அந்த எடையை நிறுத்தித் திருப்பணும், அங்கதான் பல் தேயும். திசை மாறற சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கோங்க. நல்லா இருக்கறப்ப லேசா ஒரு டக், அவ்ளோதான். அது கடகடன்னு மாறினா எடை ஜாஸ்தி, இல்ல டேங்க் மிதக்குது. மிதக்கறதுன்னா, தொட்டி மட்டம் ஏறிப் போனா காலியா இருக்கற டேங்க் ரோலரை விட்டு எழும்பும், பல்லு பாதியில கவ்வி நழுவும். ப்ரீசோக் வடிச்சுட்டு டெவலப்பர் ஊத்தறதுக்கு நடுவுல உள்ள அந்த சில செகண்ட்லதான் இது தெரியும். மட்டத்தை ஒரு விரல் இறக்கினா சரியாயிடும். ரோலர் கீச் கீச்னா அதைக் கழட்டிக் கழுவி, ஒரு பொட்டு சிலிக்கான் க்ரீஸ், போதும். தேங்காயெண்ணெய் போடற பழக்கம் நம்ம வீட்ல எல்லாத்துக்கும் உண்டு, இதுக்கு வேண்டாம், தண்ணியில மிதந்து அது பாட்டில் வாய் வரைக்கும் வந்துடும்.

ரசமட்டம் ஒண்ணு வாங்கிக்கோங்க, கொத்தனார் வச்சிருக்கறதுல சின்னது. தொட்டி விளிம்புல வைக்காதீங்க, டேங்கை மாட்டி டேங்க் மேலயே நீளவாக்குல வச்சுப் பாருங்க. 240 மிலிங்கறது மெல்லிசான ஒரு படலம், டேங்க் ஒரு பக்கம் சாஞ்சிருந்தா டெவலப்பர் அந்தப் பக்கம் ஒதுங்கும், எதிர்ப் பக்கத்து பிலிம் ஓரம் பட்டினி கிடக்கும். நெகட்டிவ்ல வானத்தோட ஒரு ஓரம் மட்டும் எப்பவும் அடர்த்தி கம்மியா வருதுன்னா லென்ஸைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

ரீல் விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம். ஸ்டெபிலைசரும் வெட்டிங் ஏஜென்ட்டும் ரீல்ல படவே விட மாட்டேன், பிலிமை ரீல்லேர்ந்து எடுத்து தனி ட்ரேயில, மெஷினுக்கு வெளிய. சோப்பு மாதிரி அது பள்ளத்துல காஞ்சு நிக்கும், அடுத்த தடவை பிலிம் ஏறும்போது பாதியில பிடிச்சுக்கும். சென்னைப் புழுக்கத்துல அது ஏற்கனவே பெரும்பாடு. பிலிமை ரீல்ல ஏத்தற வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள்ள கையை விட்டு ரெண்டு நிமிஷத்துலயே உள்ளங்கை வேர்த்துடும், பேக்குக்குள்ள ஆவி, 120 பிலிம் அகலம் வேற, லேசான ஈரம் பட்டா பள்ளத்தோட ஒட்டி நகர மாட்டேங்கும். பேட்டர்சன் ரீல்ல இருக்கற மாதிரி ஜோபோ ரீல்ல இரும்பு குண்டு கிடையாது, விரல் வைக்கற ரெண்டு பள்ளம் இருக்கும், கட்டை விரலை மாத்தி மாத்தி அழுத்தி ரீலை முன்னும் பின்னும் ஆட்டினா பிலிம் ஏறும். ஒரே ரீல்ல ரெண்டு 120 ஏத்தலாம், முதல் ரோல் முழுசா உள்ள போனதும் ரீல்ல இருக்கற சிவப்புக் கிளிப்பை உள்ள தள்ளணும், இருட்டுல விரலுக்கு க்ளிக்னு தெரியும், அப்பதான் ரெண்டாவது ரோல் முதல் ரோல் மேல ஏறாது. ஏசி ரூம்ல கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் ரூமும் ரீலும் பிலிமும் காஞ்சதுக்கு அப்புறம்தான் இதை ஆரம்பிப்பேன். ரீலை மாசத்துக்கு ஒரு தடவை வெந்நீர்ல ஊற வச்சு பழைய டூத் பிரஷால பள்ளம் பள்ளமா தேய்ச்சு, நிழல்ல காய வைங்க. டேங்கை மூடி போட்டு இறுக்கி அலமாரியில வைக்காதீங்க, ரப்பர் அமுங்கியே கிடந்து உருமாறிடும், உள்ள பூஞ்சை வாசனையும் வரும்.

கரண்ட் பத்தி சொல்லாம முடியாது. அமெரிக்காவுல விக்கறது 110 வோல்ட் மெஷின், இங்க 230. ஐரோப்பாவுலேர்ந்து வர்றதைப் பாருங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டறது இந்த ஹீட்டர் லோடுக்கு வம்பு. மெஷின் போடற பிளக் பாயிண்ட்டுக்கு நல்ல எர்த்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) கட்டாயம். எங்க வீட்டு எலக்ட்ரிஷியன் அண்ணன் வந்து பார்த்துட்டு, "சார், ஈரக்கையோட தொடற சாமான் இது, பாத்ரூம் லைன்ல போடாதீங்க, தனி லைன் இழுத்துடலாம்"னார், இழுத்துக் கொடுத்தார், அந்தச் செலவை நான் கணக்கே பார்க்கல. நடுவுல கரண்ட் போனா பதற வேண்டாம். அவ்ளோ தண்ணி மூணு நிமிஷத்துல ஆறிப் போகாது, சூடு நிக்கும், டேங்கைக் கையால ரோலர் மேலயே முன்னும் பின்னும் உருட்டிக்கிட்டே இருங்க, லீவரைத் தூக்கறதுக்கு கரண்ட் வேண்டாம். இன்வெர்ட்டர்ல போடறதா இருந்தா ஹீட்டர் லோடை அது தாங்குமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, வீட்ல இருக்கற சாதா இன்வெர்ட்டர்ல போடற சாமான் இல்ல இது.

செகண்ட் ஹேண்ட்ல தேடறவங்க விக்கறவங்ககிட்ட பளபளன்னு எடுத்த முன்பக்க போட்டோவைக் கேக்காதீங்க. தொட்டியோட அடி, ஹீட்டர் இருக்கற இடம், வடிகுழாய் வாய், லிஃப்ட்டோட உள்பக்கம், இந்த நாலையும் வெளிச்சத்துல எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெள்ளைப் படிமம் இருந்தா சிட்ரிக் ஆசிட்ல போயிடும், விலையில கொஞ்சம் குறைச்சுக் கேக்கலாம். பச்சைக் கறை பம்ப் பக்கத்துல இருந்தா பம்ப் ஓடற வீடியோ கேளுங்க, தண்ணி ஊத்தி 38க்கு வச்சு அரை மணி நேரம் கழிச்சு டிஸ்ப்ளேயும் தண்ணிக்குள்ள ஒரு தெர்மாமீட்டரும் ஒரே ஃப்ரேம்ல தெரியற மாதிரி ஒரு போட்டோவும் கேளுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா பரவால்ல, அதைக் கூட்டிக் கழிச்சு ஓட்டிக்கலாம், நம்பர் நிலையா நிக்காம ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா அந்த மெஷினை விட்டுடுங்க. டேங்க், ரீல், மூடி எல்லாம் கூடவே வருதான்னும் பார்த்துக்கோங்க, முக்கியமா அந்தப் பல்லு வச்ச மூடியும் சிவப்புக் கிளிப்பும், அதைத் தனியா தேடி வாங்கறதுக்குள்ள மெஷின் வாங்கின சந்தோஷமே போயிடும்.